சும்மா விடு என்கிறவர்களுக்கு

மனிதன் கை வைக்காமல் இருந்தாலே போதும், இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்கிற பேச்சு இப்போது வேதவாக்காகிவிட்டது. பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் சொல்கிறார்கள். ஆவணப்படத்தின் கடைசி நிமிடத்தில் கனத்த குரலில் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் எழுதுகிறார்கள். 2020 ஊரடங்கின்போது இது உச்சத்துக்குப் போனது. மனிதன் வீட்டுக்குள் அடைந்ததும் வெனிஸ் கால்வாய்க்கு டால்ஃபின் திரும்பிவிட்டதாக ஒரு படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அது சார்டினியாத் துறைமுகத்தில் எடுத்தது என்று தெரிந்த பிறகும் அதை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. பறவை பார்க்கப் போகிறவர்கள் நடுவில் இந்தப் பேச்சை மறுத்து ஒரு வார்த்தை சொன்னால், ரியல் எஸ்டேட்காரருக்கு வக்காலத்து வாங்க வந்த ஆளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. மறுப்பதில் உள்ள சிரமமே அதுதான். ஏரியைத் தூர்த்துப் பேருந்து நிலையம் கட்டியவர்களையும் ஆற்று மணலை லாரி லாரியாக அள்ளியவர்களையும் பார்த்துச் சலித்துப்போன மனசு, ‘தயவுசெய்து சும்மா விடுங்கப்பா’ என்று கையெடுத்துக் கும்பிடுகிறது. அந்தச் சலிப்பு எனக்கும் உண்டு. ஆனால் சலிப்பில் பிறந்த வேண்டுகோளைக் கொள்கையாக்கிக் கொடி ஏற்றும்போது, அது பறவைக்கு நல்லதா என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்பதற்குத் தோதான ஓர் இடம் எனக்குத் தெரியும்.

அமெரிக்காவின் கிழக்குக் கடலோரத்தில், மேரிலாந்து, வர்ஜீனியா இரண்டு மாநிலங்களிலும் நீண்டு கிடக்கிறது அசட்டீக் தீவு. நீளம் சுமார் 60 கிலோமீட்டர். அகலம் பல இடங்களில் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். முழுக்க மணல். அதன் வர்ஜீனியாப் பகுதியில் ஏறத்தாழ 14,000 ஏக்கர் சிங்கோட்டீக் தேசிய வனவுயிர்ப் புகலிடம். பக்கத்துத் தீவான சிங்கோட்டீக்கில்தான் ஊர் இருக்கிறது. அங்கிருந்து ஒரு பாலத்தைத் தாண்டினால் புகலிடம். வாஷிங்டன் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறையில் குழந்தைகளுக்குக் குதிரை காட்ட அங்கே போவதுண்டு. தொலைநோக்கியோடு போகிறவர்களுக்கு உகந்த மாதங்கள் மே, பிறகு நவம்பர்.

மே மாதம் பனி வாத்துக் குளத்தின் ஓரம் நின்றால் கண்கொள்ளாது. தெற்கிலிருந்து ஆர்க்டிக் தரைக்குப் போகும் வழியில் இறங்கிய உள்ளான்கள் சேறு தெரியாமல் மொய்த்துக் கிடக்கும். வயிறு கறுத்த டன்லின், நீண்ட அலகைச் சேற்றுக்குள் விட்டு விட்டு எடுக்கும் டௌவிச்சர், கைக்குள் அடங்கிவிடும் சின்ன உள்ளான்கள், நடுநடுவே உப்புக்கொத்திகள். எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பித் திரும்பும்போது கூட்டத்தின் நிறமே மாறும். அங்கே என்னோடு நின்ற நண்பர், மென்பொருள்காரர், நல்ல பறவைக் கண் உள்ளவர், தொலைநோக்கியை இறக்காமலே சொன்னார்: “பாத்தீங்களாண்ணா, மனுஷன் தொடாம விட்டா எப்படி இருக்குன்னு.”

அவர் நின்றுகொண்டிருந்தது ஏரிக்கரை மேல். மண்ணள்ளும் இயந்திரத்தால் அணைத்த கரை. கரைக்காக மண் எடுத்த பள்ளம் அவர் காலடியில் வாய்க்காலாக ஓடியது. பத்தடி தள்ளி ஒரு மதகு இருந்தது. மேலே பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரு பெட்டி, அதன் இரண்டு பக்கமும் காடி, காடியில் ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகிய மரப்பலகைகள், அவ்வளவுதான். ஒரு பலகையை உருவினால் அந்தப் பலகை உயரத்துக்குத் தண்ணீர் இறங்கும், செருகினால் ஏறும். அவர் பார்த்துப் பரவசப்பட்ட சேறு, வசந்தம் தொடங்கும்போது யாரோ ஒரு புகலிட ஊழியர் ரப்பர் பூட்ஸோடு வந்து பலகை உருவியதால் வெளியே தெரிந்த சேறு. இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் சின்ன உள்ளானுக்கு அது கடல்தான்; கால் எட்டாது, அலகு எட்டாது. மேலே ஒரு வட்டம் அடித்துவிட்டுப் போய்விடும்.

இது ஒரு குளத்தின் கதை அல்ல. புகலிடத்தில் இப்படிக் கரை கட்டிய நீர்நிலைகள் பதினான்கு; சேர்ந்து 2,600 ஏக்கருக்கு மேல். சுற்றிலும் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீருக்கு வானத்தை விட்டால் வேறு வழியில்லை. ஆக, குளிர்காலத்தில் பிடித்து வைத்த மழையை வசந்தத்தில் அளந்து இறக்குகிறார்கள். உள்ளான்கள் தின்றுவிட்டு வடக்கே போன பிறகு, காய்ந்த தரையில் புல்லும் கோரையும் முளைத்து விதை பிடிக்கக் கோடை முழுக்க விடுகிறார்கள். இலையுதிர் காலத்தில் மறுபடி தண்ணீர் கட்டுகிறார்கள். கனடாவிலிருந்து வரும் வாத்துகளுக்கு அந்த விதைதான் சாப்பாடு. எந்தக் குளத்தை எப்போது வடிப்பது, எதை இந்த வருஷம் உழுது புரட்டுவது, எதில் தீ வைத்துப் புதரைக் குறைப்பது, எங்கே நாணல் மண்டுகிறது, அதற்கு எப்போது மருந்தடிப்பது என்று கணக்குப் போட ஆள் வேண்டும். நம் ஊர் ஏரிப் பாசனத்தில் தண்ணீர் பங்கிட்ட நீர்க்கட்டி பார்த்த வேலைதான் இது. அங்கே வயலுக்குப் பார்த்தார், இங்கே பறவைக்குப் பார்க்கிறார்கள்.

சும்மா விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கரைகள் உடைந்திருக்கும்; உப்பு உள்ளே வந்திருக்கும்; அந்த இடம் உவர்ச் சதுப்பாகவும் மணல்வெளியாகவும் ஆகியிருக்கும். உவர்ச் சதுப்பு கேவலமான இடம் அல்ல. அதற்கென்று பறவைகள் உண்டு. ஆனால் என் நண்பர் பார்த்த கூட்டம் அங்கே இருந்திருக்காது. தொடாத இயற்கைக்கு அவர் காட்டிய சாட்சி, தொட்டதன் விளைவு.

அந்தக் குளங்கள் ஏன் வந்தன என்ற கதை ‘சும்மா விடு’ கட்சிக்கு இன்னும் சங்கடமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் அதன் பிறகும் இந்தக் கடலோரத்தில் சந்தைக்காகவே வாத்து சுட்டார்கள். சிங்கோட்டீக்கில் மரத்தில் வாத்து செதுக்குவது ஒரு பிழைப்பாகவே இருந்தது. தண்ணீரில் மிதக்கவிட்டு நிஜ வாத்தை ஏமாற்றி இறக்கும் பொம்மைகள் அவை. ஐரா ஹட்சன் என்ற செதுக்குக்காரர் செய்த பொம்மைகளை இன்று கலைப்பொருளாகப் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அட்லாண்டிக் ஓரத்துப் பெரிய பனி வாத்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில ஆயிரமாகக் குறைந்துபோனது. அதைக் காப்பாற்ற 1943-ல் இந்தப் புகலிடத்தை உண்டாக்கினார்கள். பணம் எங்கிருந்து வந்தது? வாத்து வேட்டைக்காரர்களிடமிருந்து. 1934-லிருந்து அமெரிக்காவில் வாத்து சுட வேண்டுமானால் ‘வாத்துத் தலை’ என்கிற, தபால்தலை போன்ற வில்லை ஒன்று வாங்கியாக வேண்டும். முதல் தலையின் விலை ஒரு டாலர். அதன் படத்தை வரைந்த டிங் டார்லிங் புலிட்சர் வாங்கிய பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர். அரசின் வனவுயிர்த் துறைக்கு அப்போது தலைவரும் அவரே. (கேலிச்சித்திரக்காரரிடம் ஒரு துறையைக் கொடுத்தால் இவ்வளவு நல்லது நடக்கும் என்று வேறெந்த அரசாங்கத்துக்கும் தோன்றாதது ஏனோ.) இந்தத் தலைகள் விற்ற பணத்தில் இதுவரை அறுபது லட்சம் ஏக்கருக்கு மேல் சதுப்பும் புல்வெளியும் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. பறவையைக் கண்ணால் மட்டும் பார்க்கிற நாம், பறவையைச் சுட்டவர் வாங்கிக் கொடுத்த நிலத்தில் நின்றுகொண்டு, மனிதனே வேண்டாம் என்கிறோம்.

அப்படியானால் புகலிடத்துக்கு முன்னால் அந்தத் தீவு யாரும் தொடாமல் கிடந்ததா என்றால், அதுவும் இல்லை. கலங்கரை விளக்கத்தின் அடியில் அசட்டீக் என்று ஒரு கிராமமே இருந்தது. வீடுகள், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்தன. சுற்றியிருந்த நிலத்தை வாங்கியவர் வழியை அடைத்ததும் சிப்பி எடுக்கும் துறைக்குப் போக முடியாமல், 1920களில் சனங்கள் வீடுகளையே தெப்பத்தில் ஏற்றி எதிர்த் தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆளில்லாத தீவு என்று நாம் படம் எடுப்பது ஆள் காலி செய்த தீவை.

குதிரைகள்? கவிழ்ந்த ஸ்பானியக் கப்பலிலிருந்து நீந்தி வந்தவை என்று கதை. வரி கட்டாமலும் வேலி போடாமலும் தப்பிக்கப் பதினேழாம் நூற்றாண்டுக் குடியேறிகள் கொண்டுவந்து விட்டவை என்று வரலாற்றுக்காரர்கள். ஹைத்தியில் தோண்டியெடுத்த பதினாறாம் நூற்றாண்டுக் குதிரைப் பல்லின் மரபணு இந்தக் குதிரைகளோடு நெருங்கிப் பொருந்துவதாக 2022-ல் ஓர் ஆய்வு வந்ததிலிருந்து கப்பல் கதைக்கு மறுபடி உயிர் வந்திருக்கிறது. எதுவானால் என்ன, மனிதன் ஏற்றி வந்த குதிரைதான். இன்று வர்ஜீனியாப் பக்கத்துக் கூட்டம் சிங்கோட்டீக் தன்னார்வத் தீயணைப்புப் படையின் சொத்து. வளர்ந்த குதிரை 150-க்கு மேல் போகக் கூடாது என்பது புகலிடத்தின் நிபந்தனை. அதனால் ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் கால்வாயில் நீந்தவைத்து ஊருக்குக் கொண்டுவந்து குட்டிகளை ஏலம் விடுகிறார்கள். தீயணைப்புப் படை இதை 1925-லிருந்து செய்கிறது. மேரிலாந்துப் பக்கத்தில் ஏலம் கிடையாது; குட்டி போடாமல் இருக்க 1990களிலிருந்து பல ஆண்டுகள் பெண் குதிரைகளுக்கு ஊசி எய்தார்கள். சுற்றுலாக்காரர் ‘காட்டுக் குதிரை’ என்று குழந்தைக்குக் காட்டுவது, ஒரு பக்கம் ஏலச் சரக்கு, இன்னொரு பக்கம் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட கூட்டம். அந்தி நேரத்தில் சாலையோரம் நின்று எல்லோரையும் மயக்கும் சிக்கா மான் ஜப்பான் பக்கத்து இனம். 1920களில் கொண்டுவந்து விட்டது. பைன் மரத்தில் ஓடும் பருத்த சாம்பல் அணிலையும் 1968-லிருந்து மூன்றாண்டு காலம் வெளியிலிருந்து பிடித்து வந்து விட்டார்கள். டெல்மார்வா நரியணில் என்ற அந்த இனம் அழியும் நிலையில் இருந்தது. இப்படிப் பல இடங்களில் கொண்டுபோய் விட்டும் காட்டைக் காத்தும் மெல்லப் பெருகி, 2015-ல் ஆபத்துப் பட்டியலிலிருந்தே எடுக்கப்பட்டது. சும்மா விட்டிருந்தால் அருங்காட்சியகத்தில் அட்டை ஒட்டி வைத்திருப்பார்கள்.

இந்த இடத்தில் எதிர்க்கட்சி தன் கனமான ஆயுதத்தை எடுக்கும். ‘சரி, அணிலைக் கொண்டுவிட்டீர்கள், சந்தோஷம். நரியைக் கொல்கிறீர்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? எது வாழலாம், எது சாகலாம் என்று முடிவுசெய்ய நீங்கள் யார்?’

நியாயமான கேள்வி. அதன் மறுபக்கத்தில் நிற்பது ஒரு சிட்டுக்குருவியளவு பறவை: குழல் உப்புக்கொத்தி. காய்ந்த மணலின் நிறம், கழுத்தில் ஒரு கறுப்புப் பட்டை, ஆரஞ்சுக் கால். ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கூடு என்று ஒன்று கட்டாது. அலை ஏறாத மணலில் நெஞ்சால் ஒரு குழி தேய்த்து, இரண்டு சிப்பித் துண்டைப் பொறுக்கிப் போட்டு, நான்கு முட்டை இடும். முட்டையும் மணல் நிறம். ஓரடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. கால் வைத்த பிறகுதான் தெரியும். பொரித்த குஞ்சு சில மணி நேரத்திலேயே தானே நடந்து ஈர மணலுக்குப் போய்ப் பூச்சி பொறுக்கும். பறக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதமும் வண்டித் தடத்தின் பள்ளம்கூட அதற்கு ஏற முடியாத மதில். ஆள் நெருங்கினால் தாய் சிறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டே எதிர்த் திசையில் ஓடும். நாய்க்கும் மனிதனுக்கும் அந்த நாடகம் பலிக்கும். மோப்பம் பிடித்து ராத்திரியில் வரும் நரிக்குப் பலிக்காது.

1986-ல் இதை ஆபத்துக்குள்ளான பறவை என்று சட்டப்படி அறிவித்தபோது அட்லாண்டிக் கரை முழுக்க எண்ணூறு ஜோடிக்குக் குறைவு. இப்போது இரண்டாயிரத்துக்கு மேல். இந்த ஏற்றம் ஒதுங்கி நின்று வந்ததல்ல. கயிறு கட்டி, பலகை நட்டு, கூட்டைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு வைத்து, வண்டியைத் தடுத்து, நரியையும் ரக்கூனையும் கண்ணி வைத்துப் பிடித்துக் கொன்று வந்தது. அசட்டீக்கின் தெற்கு முனையான டாம்ஸ் கோவ் கொக்கியை மார்ச் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை மூடிவிடுகிறார்கள். பறவை பார்ப்பவருக்கும் அனுமதி கிடையாது.

நரியைக் கொல்வது எனக்கும் இனிப்பான செய்தி அல்ல. ஆனால் கேள்வி கேட்கிறவர் ஒன்றை மறந்துவிடுகிறார். அந்த நரிக்கும் ரக்கூனுக்கும் வாழ்வு கொழித்தது நம் குப்பைத் தொட்டியாலும் குடியிருப்பாலும். உப்புக்கொத்திக்குக் கூடு வைக்க இடமில்லாமல் போனது நம் கடற்கரை பங்களாக்களால். தராசின் ஒரு தட்டில் நூறு வருஷமாக ஏறி உட்கார்ந்திருந்துவிட்டு, இப்போது ‘நான் தராசைத் தொடமாட்டேன், அது புனிதம்’ என்று இறங்கி நிற்பது நடுநிலை ஆகாது. எது வாழ்வது, எது சாவது என்ற முடிவை நாம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. இப்போது ஒதுங்கினால், அந்தப் பழைய முடிவையே உறுதி செய்கிறோம்.

‘தலையிட்டுத் தலையிட்டுத்தானே கெடுத்தீர்கள்? உங்கள் பனி வாத்தையே பாருங்கள்’ என்று அடுத்த அம்பு வரும். பார்க்கிறேன். சில ஆயிரமாக இருந்த பெரிய பனி வாத்து 1990களின் கடைசியில் பத்து லட்சத்தை நெருங்கிவிட்டது. கடலோரச் சதுப்புப் புல்லை வேரோடு பிடுங்கித் தின்று தரிசாக்குகிறது. எதைக் காப்பாற்றப் புகலிடம் வைத்தார்களோ அதையே சுடுவதற்கு இன்று கெடுபிடியைத் தளர்த்தியிருக்கிறார்கள். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஆனால் வாத்து பெருகியதற்குப் புகலிடத்தைவிடப் பெரிய காரணம் சோள வயல். இயந்திர அறுவடையில் சிந்தும் மணிகளைக் குளிர்காலம் முழுக்கத் தின்று கொழுத்த பறவை சாகாமல் வடக்கே திரும்பியது. பதுங்க இடமும் தின்ன மணியும் கொடுத்துவிட்டுக் கணக்குப் பார்க்காமல் விட்டதன் பலன் அது. அதைக் குறைக்க வேறு யார் வரப்போகிறார்கள்? தவறிப்போன வைத்தியத்துக்கு மாற்று வேறு வைத்தியம்தான். ஆஸ்பத்திரிக்குப் பூட்டுப் போடுவதல்ல.

ஒரே ஒரு விஷயத்தில் எதிர்க்கட்சியோடு எனக்குச் சண்டை இல்லை. அது மணல். அசட்டீக் ஓரிடத்தில் நிற்கும் தீவே அல்ல. புயலில் கடல் மணலைத் தீவின் முதுகின் மேல் ஏற்றி மறுபக்கச் சதுப்பில் கொட்டும். இப்படியே தீவு கரையை நோக்கிப் புரண்டு புரண்டு நகரும். 1867-ல் விளக்கு ஏற்றிய கலங்கரை விளக்கம் தீவின் தென்முனைக்கு அருகில்தான் கட்டப்பட்டது. அதன் பிறகு தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து கொக்கிபோல் வளைந்து நீண்டுவிட்டது. விளக்கு இன்று பைன் காட்டுக்குள் நிற்கிறது. புயல் அடித்துத் துடைத்த வெறும் மணல்தான் உப்புக்கொத்திக்குப் பிடித்த இடமும். அங்கே சுவர் எழுப்பி மணலைக் கட்டிப்போட நினைப்பவர்களைவிட, விட்டுவிடு என்பவர்களே புத்திசாலிகள்.

ஆனால் அந்த விடுதலையும் இலவசமாக வரவில்லை. 1950களில் மேரிலாந்துப் பக்கத்தில் மனை போட்டு, சாலை போட்டு, ஆயிரக்கணக்கில் விற்றார்கள். 1962 மார்ச்சில் சாம்பல் புதன் புயல் வந்து அந்தச் சாலையைக் கிழித்துப் போட்டது. சிங்கோட்டீக் ஊர் முழுகியது. குதிரைகள் செத்து மிதந்தன. அப்போதும் மனைக்காரர்கள் மறுபடி கட்டவே விரும்பினார்கள். 1965-ல் சட்டம் போட்டு, பணம் கொடுத்து மனைகளைத் திரும்ப வாங்கி, தேசியக் கடற்கரை என்று அறிவித்த பிறகே தீவு தப்பியது. வர்ஜீனியாப் பக்கத்தில் இன்னும் நடக்கிற சண்டை வண்டி நிறுத்துமிடத்தைப் பற்றியது. கடற்கரையை ஒட்டி 961 கார்களுக்கு இடம். ஒவ்வொரு பெரிய புயலிலும் கடல் அதை மூடிவிடும். மறுபடி சிப்பி ஓட்டுத்தூள் கொட்டிச் சமன்செய்வார்கள். கடற்கரையையே ஒன்றரை மைல் வடக்கே நகர்த்துவது என்று புகலிடம் 2015-ல் திட்டத்தை முடிவுசெய்தது. ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். கோடையில் வரும் கூட்டத்தை நம்பித்தான் அங்கே விடுதியும் ஐஸ்கிரீம் கடையும் ஓடுகின்றன. காரிலிருந்து இறங்கினால் கடல் என்ற வசதி போனால் கூட்டமும் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. கூட்டம், வரைபடம், மனு, வக்கீல், வருஷக்கணக்கான பேச்சு என்று இத்தனையும் மணலை அதன் போக்கில் விடுவதற்காக. சும்மா விடுவதற்கே இவ்வளவு வேலை.

இது அமெரிக்காவின் கதை, நம் நாட்டுக்கு ஒத்துவராது என்பவர்கள் பரத்பூரை நினைத்துப் பார்க்கலாம். அங்குள்ள கேவலாதேவ் சதுப்பு, அரசர் வாத்து சுடுவதற்காக அஜான் அணைத் தண்ணீரைத் திருப்பிவிட்டு உண்டாக்கியது. 1938-ல் வைஸ்ராய் லின்லித்கோ கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டது அங்கேதான். அதைத் தேசியப் பூங்கா ஆக்கியதும், பறவையை நிம்மதியாக விட வேண்டும் என்று சொல்லி 1982-ல் எருமை மேய்ப்பதைத் தடுத்தார்கள். ஊர் எதிர்த்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பறவைகளாவது நிம்மதியாக இருந்தனவா? மேய ஆளில்லாமல் புல் வளர்ந்து தண்ணீரை மூடியது. நீந்தவும் மீன் பிடிக்கவும் இடமில்லாமல் நீர்ப்பறவைகள் குறைந்தன. எருமை செய்துகொண்டிருந்த வேலையின் அருமையைப் பத்தாண்டு ஆராய்ந்து எடுத்துச் சொன்னது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். அந்த ஆய்வை நடத்தியவர் வி.எஸ். விஜயன். வேடந்தாங்கல் இன்னும் பக்கம். அது பாசன ஏரி. பறவை எச்சம் கரைந்த தண்ணீர் பயிருக்கு உரம் என்று தெரிந்த விவசாயிகள், சுட வந்தவர்களைத் தடுக்கச் சொல்லி 1798-லேயே செங்கல்பட்டுக் கலெக்டரிடம் உத்தரவு வாங்கினார்கள். ஊர் இருந்ததால் இருந்த பறவைகள் அவை.

இவ்வளவு சாட்சி இருந்தும் ‘சும்மா விடு’ ஏன் இத்தனை பிரபலம்? பேசுகிறவருக்கு அது ஒரு செலவும் வைப்பதில்லை என்பதால்தான். ஒதுங்கி நிற்பதே தொண்டு என்றால், படம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவரும் தொண்டர் ஆகிவிடுகிறார். அதைவிட வசதி அரசாங்கத்துக்கு. இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்றால் ஆள் எதற்கு, டிராக்டர் எதற்கு, மதகு பழுதுபார்க்க நிதி எதற்கு? அமெரிக்கப் புகலிடங்களில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஊழியர் எண்ணிக்கை தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரே ஊழியர் கூட்டம் பல புகலிடங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டிய நிலை. இதை எதிர்த்துக் குரல் எழுப்ப வேண்டியவர்கள் பறவை ஆர்வலர்கள். அவர்களோ இயற்கைக்கு மனிதன் வேண்டியதில்லை என்று மேடையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெட்டுகிறவர் கையில் அரிவாளை எடுத்துக் கொடுத்துவிட்டு மரத்துக்காக அழுவதில் என்ன பிரயோசனம்?

பணக்கணக்கையும் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் 1937-லிருந்து துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கிற வரி நேராக வனவுயிர் வேலைக்குப் போகிறது. தொலைநோக்கிக்கும் பறவைத் தீனிக்கும் கூடாரத்துக்கும் அதேபோல் சின்ன வரி போடலாம் என்ற யோசனை 1990களில் வந்தபோது, அந்தப் பொருள்களை விற்கிற தொழில் எதிர்த்தது, யோசனை படுத்துவிட்டது. ஆக இன்றுவரை வேட்டைக்காரர் சட்டப்படி கட்டுகிறார், நாம் மனமிருந்தால் கட்டலாம் என்ற நிலை. இரண்டாயிரம் டாலருக்குத் தொலைநோக்கி வாங்கிக் கழுத்தில் மாட்டியவர்களிடம் வாத்துத் தலை வாங்கினீர்களா என்று கேட்டால், ‘அது சுடுகிறவங்களுக்கு இல்லையா?’ என்கிறார்கள். இல்லை. யார் வேண்டுமானாலும் வாங்கலாம். டாலருக்கு 98 சென்ட் நிலத்துக்குப் போகிறது. தலை கையில் இருந்தால் கட்டணம் வசூலிக்கும் எந்தத் தேசியப் புகலிடத்திலும் வாசலில் பணம் கட்ட வேண்டாம். சிங்கோட்டீக்கும் அதில் சேர்த்தி. விலை 25 டாலர். ஜூலை முதல் அடுத்த ஜூன் வரை செல்லும். பெரிய தபால் நிலையங்களில் கேட்டால் கொடுப்பார்கள்.